முதலிடத்தில் கனி

பில்லுக்குப் பேரா? முகம்மது கனின்னு எழுதிக்குங்க தம்பி. ஊரு மங்கலம்பேட்ட. அந்தப் பொட்டிய மெதுவாத் தெறங்க, உள்ளேருந்து வெள்ள மண்ணு கொட்டும். பயந்துடாதீங்க, செராமிக் மண்ணுதான். எங்க பொண்ணு மஹிராவோட அத்தா, அதான் எங்க வூட்டுக்காரரு, ஒங்க விருத்தாசலத்துலதான் பீங்கான் ஃப்யூஸ் கட்ட சுடற கம்பெனியில கணக்குப் பாத்தாரு. கம்பெனிய மூடுனப்ப மத்தவங்கள்லாம் மேசை, பீரோன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. இவரு இந்தக் கம்ப்யூட்டர கேட்டு வாங்கி, கொழந்தைய தூக்கிட்டு வர்ற மாதிரி மடியில வெச்சி பஸ்ஸுல எடுத்தாந்தாரு.

ஆமா, ஆன் ஆவல. போன மழையில இடி எறங்குச்சி, அதோட வாயப் பொளந்துடிச்சி. அதான் மருமவன் வாங்கிக் குடுத்த இந்த லேப்டாப்பையும் சேத்துத் தூக்கியாந்தேன். புது கம்ப்யூட்டர பழசு மாதிரியே நடிக்க வெக்கிற வித்த ஒங்களுக்குத் தெரியுமாமே? பக்கத்து வூட்டு வெண்பாதான் சொன்னா. பழைய மிசினு டிஸ்க்குலேருந்து புரோகிராம எடுத்து உள்ள வுட்டா, அது நம்ம பழைய வூட்லதான் இருக்கோம்னு நெனச்சிக்கிட்டு அதுபாட்டுக்கு ஓடுமாமே?

என்னா வேணுமா? கணக்கு தம்பி. வூட்டுக் கணக்கு. ரொம்ப முக்கியமான கணக்கு.

நான் இப்பிடி ஸ்டூல்ல ஒக்காந்துக்கறேன், நீங்க பாருங்க. டீயெல்லாம் வேணாம். சரி, சொல்லிட்டீங்க, சக்கர கம்மியா.

என்னா சிரிக்கறீங்க? கணக்கே இல்லியா? ஒரே ஒரு கேமுதான் இருக்குதா?

ம்... பாத்துட்டீங்க. பூசணிக்காய சோத்துல மறைக்கவா முடியும். அதுதான் வேணும். பாட்டி ஆவப்போற பொம்பள கேமு கேட்டு வந்தான்னா கட பூரா சிரிக்குமேன்னுதான் கணக்குன்னு சொன்னேன். அதான் இப்ப சிரிச்சிட்டீங்களே, போதும், ஓட்டிக் காட்டுங்க. கீழ பலக போவும், பந்து மேல போயி கல்லுங்கள ஒடைக்கும். பந்த கீழ வுட்டா ஒரு உசுரு போச்சி. அவ்ளோதான் கேமு.

யா அல்லா! என்னா தம்பி இது, பந்து எங்க? கண்ண சிமிட்றதுக்குள்ள எல்லா உசுரும் போயிடிச்சே! ஓ, புது மிசினு வேகத்துக்கு அதுவும் ஓடுதா. நடிக்கத் தெரிஞ்சுதே ஒழிய நடக்கத் தெரியல ஒங்க லேப்டாப்புக்கு. கொறைங்க. இன்னும் கொறைங்க. ம்ஹூம், இன்னும். பந்து பலகையில பட்டு, மேல போயி கல்லுல இடிக்கறதுக்குள்ள ஒரு பிஸ்மி சொல்லி முடிக்கணும். அதான் அளவு. பிஸ்மில்லாஹிர்... ஆங்! இதான். இதான் எங்க வூட்டு ஸ்பீடு!

நானா? சேச்சே, எனக்கென்னா தெரியும். அவரு ஆடறப்ப பக்கத்துல நின்னு வெங்காயம் உரிச்சிக்கிட்டே பாத்ததுதான்.

ஒரு சந்தேகம் தம்பி. இன்னும் ஒரே ஒரு சொட்டு கொறச்சி வெச்சா பாக்கறவங்களுக்குத் தெரியுமா? இல்ல, சும்மாத்தான் கேட்டேன். அது என்னா பட்டனு? நடுவுல அப்பிடியே நிறுத்தி வெச்சிக்கலாமா? செத்துப்போனா அந்த எடத்துலேருந்தே மறுபடி ஆரம்பிக்கலாமா? எத்தினி வாட்டி வேணும்னாலுமா? அடேங்கப்பா, மௌத்தானவனுக்கு ரிட்டர்ன் டிக்கெட்டு போட்டுக் குடுக்கறீங்களே! எதுக்கும் அந்தப் பட்டன எனக்கு ஒருக்கா காட்டி வுடுங்க.

எதுக்கா இவ்ளோ பாடு? அந்த ஸ்கோரு பக்கத்த தெறங்க. இருக்குதா? அல்ஹம்துலில்லா. மொத எடத்துல என்னா பேரு இருக்குது, படிங்க. கனி. அவருதான். இந்த ஸ்கோர வெச்சிக்கிட்டு அவரு அடிக்கற தம்பட்டம் இருக்குதே! வூட்டுக்கு வர்ற ஒருத்தர வுடமாட்டாரு. மஹிராவ பொண்ணு பாக்க வந்தவங்க பொண்ண பாக்கறதுக்கு முன்னாடி ஸ்கோர பாத்தாங்கன்னா பாத்துக்குங்க. சம்பந்தி அசந்துபோயி மாஷா அல்லான்னு வேற சொல்லிட்டாரு. அப்பறம் கேக்கணுமா.

அவரு மொத மொதல்ல குவைத்துக்குக் கெளம்புனப்ப மஹிரா கைக்கொழந்த. நான் போவக்கூடாதுன்னு சோறு திங்காம படுத்துக்கிட்டேன். மனுசன் என்னா பண்ணாரு தெரியுமா? என்னை எழுப்பி இந்தக் கம்ப்யூட்டரு முன்னால ஒக்கார வெச்சாரு. இந்தா, என் ஸ்கோரு. என்னிக்கி இத நீ தாண்டி ஒன் பேரு மேல வருதோ, அன்னிக்கி பாஸ்போர்ட்ட பீரோவுல வெச்சிப் பூட்டி சாவிய ஒன் கையில குடுத்துடறேன், அல்லா மேல ஆணையான்னாரு. நான் அழுதுக்கிட்டே சிரிச்சிட்டேன். அந்த நேரம் பாத்து பெட்டிய தூக்கிக்கிட்டு கெளம்பிட்டாரு, கில்லாடி.

வர்ற வெள்ளிக்கெழம லீவுல வராரு தம்பி. திரும்பிப் போறதுக்கும் சேத்தே டிக்கெட்டு போட்டாச்சாம். சக்கர இருக்குது, முட்டிய மடக்க முடியல, நின்னுக்கிட்டே தொழுவறாரு. வூட்ட கட்டி முடிச்சாச்சி, பொண்ண கட்டிக் குடுத்தாச்சி. இன்னும் யாருக்குன்னு கேட்டா, இன்னும் ரெண்டே வருசம்னு சொல்றாரு. அழுது பாத்தேன், சண்ட போட்டுப் பாத்தேன், ஜமாத்துப் பெரியவர வுட்டும் பேசிப் பாத்தேன். ஒண்ணுத்துக்கும் அசையல. ஆனா வாய்விட்டு ஆணையிட்டா மீறமாட்டாரு. எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அதுக்குள்ள இந்த இடி வந்து எறங்கி அதையும் பொசுக்கப் பாத்துது.

என்னா தம்பி தலைய ஆட்டறீங்க? அவ்ளோ ஸ்கோர தாண்ட முடியாதா? அந்தப் பட்டன் இல்லாம யாராலயும் முடியாதா? வேணாம், அந்தப் பட்டன் வேணாம், எடுத்துடுங்க. ஸ்பீடும் அந்த பிஸ்மி அளவுலயே இருக்கட்டும். அவரு கண்ணு முன்னால ஒக்காந்து ஆடணும், ஒரு சொட்டு கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிடுவாரு. தாண்ட முடியும். ஏன்னா அந்த ஸ்கோர போட்டது அவரில்ல.

நாந்தான் தம்பி.

அவரு போன அந்த வருசமே தாண்டிட்டேன். ராத்திரி கொழந்த தூங்குனா எனக்கு வேற என்னா வேல? சமையகட்டு விளக்க அணைச்சிட்டு இதுலதான் ஒக்காருவேன். தாண்டுனதும் அது பேரு போடச் சொல்லி கேட்டுச்சி. கை எழும்பிடிச்சி, என் பேர அடிக்க. அப்பறம் நிமிந்து பாத்தா வூட்டுக்குத் தளம் இல்ல, ஓலக் கூரைதான் இருக்குது. மடியில பொம்பளப்புள்ள. இப்ப பேரு மாறுனா மனுசன் சொன்ன சொல்லுக்காவ வந்து நின்னுடுவாரு. அவரு பேரையே அடிச்சி வெச்சிட்டேன். அதுக்கப்பறம் தாண்டுனப்பல்லாம் அதே பேருதான்.

தெரியாம இருக்குமா? அவரு போட்ட ஸ்கோரு எவ்ளோன்னு அவருக்குத் தெரியாதா? மொத லீவுல வந்து தெறந்தாரு. மொத எடத்து நம்பர வெரல வெச்சி ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்தாரு. அப்பறம் என் பக்கம் திரும்பாமலே, பாத்தியா கழுத என் கைவண்ணத்தன்னு சொல்லிட்டு துண்டால மூஞ்சத் தொடச்சிக்கிட்டாரு. ஆமா, பெரிய கைவண்ணம்னு சொல்லிட்டு நானும் அடுப்படிக்குப் போயிட்டேன். அன்னிலேருந்து இன்னிவரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த பேசிக்கல. தம்பட்டம் மட்டும் வருசா வருசம் நடக்குது.

என்னா கண்ண கசக்கறீங்க, மண்ணு பட்டுடிச்சா? செராமிக் மண்ணு அப்பிடித்தான், போயி தண்ணியால கழுவிட்டு வாங்க. நான் அதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கறேன். நவுருங்க, அந்த சேர எனக்குக் குடுங்க.

ஆங், தம்பி, அந்த பில்லுல மொதல்ல ஒரு பேரு எழுதுனீங்கல்ல? அத அடிச்சிடுங்க. ரசியா பேகம்னு என் பேர போடுங்க.