எலுமிச்சை மஞ்சள்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தடவுவார்கள், டயரை உதைப்பார்கள், கதவைப் படார் என்று சாத்திக் காதுகொடுப்பார்கள். நான் முதலில் குனிந்து மிதிகளைப் பார்ப்பேன். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றின் ரப்பரும் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், ஓட்டியவரின் குணமே தெரிந்துவிடும். மீட்டரைத் திருப்பி வைக்கும் கில்லாடிகள்கூட ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் பிழைப்பு. பழைய வண்டி வாங்க நினைக்கிறவர் எங்கள் நிறுவனத்தில் பணம் கட்டுவார். நான் போய் வண்டியைச் சோதித்து அறிக்கை எழுதுவேன். அறிக்கை பணம் கட்டியவருக்கு மட்டும்தான். விற்கிறவர் கண்ணில் காட்டக் கூடாது. இன்னொருவருக்காகப் பார்க்கும் வண்டிக்கு நாங்கள் விலை பேசவும் கூடாது. இவை நிறுவனத்தின் விதிகள். நானாக வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு: இல்லாத கோளாறை எழுதுவதில்லை. இன்றுவரை எழுதியதில்லை. இதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள் மேடம்.

அந்த வண்டியை நீச்சல்குளத்து வாசலில்தான் பார்த்தேன். குட்டி வண்டி, பின்கதவு மேலே தூக்கித் திறக்கும், பன்னிரண்டு வயசு. ஸ்போர்ட்ஸ் மாடல் என்பதால் இருக்கை இரண்டு பக்கமும் இடுப்பை அணைத்துப் பிடித்தது. சாவியைத் திருப்பினேன். ஐம்பத்தொரு வயசு ஆளுக்கு உள்ளங்கால் கூசியது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

விற்கிறவள் அங்கே நீச்சல் கற்றுத்தருகிறவள். ஈரத் தலை, கழுத்தில் விசில். என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, மெதுவா ஓட்டாதீங்க. அது கோச்சுக்கும்."

வளைவில் இரண்டாவது கியரைப் போட்டு மிதித்தேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். வேலைநேரத்தில் நான் சிரித்ததை எங்கள் நிறுவனத்தில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆக்ஸிலரேட்டர் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. பிரேக் ரப்பரோ நேற்றுப் போட்டதுபோல இருந்தது. கியரைக் குறைத்தே வேகத்தை அடக்குகிறவள் அவள். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கணவரின் ரொட்டிக்கடைக்கு ஒரு வேன் வாங்கத்தான் அவள் இதை விற்றாள். அவள் கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் என்னிடம் இருந்தது. நான் ஓட்டுவது மாமனார் கொடுத்த சாம்பல் நிற வண்டி. ஏற்றத்தில் அதை ஓட்டுவதும் இறங்கித் தள்ளுவதும் ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் என் மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, கரண்டியைப் புடிச்சு கியர் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

"மூணாவது கியர் கொஞ்சம் டைட்டும்மா," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரைக்கேறியது. எங்கள் வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு ரொம்ப வருடமாகியிருந்தது. அதற்காகவே அந்த வண்டி எனக்கு வேண்டும் என்று தோன்றியது.

விற்கிறவளிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். விதி இருக்கிறதே. வாங்க வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக எங்கள் நிறுவனத்துக்கே பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆள் வருவது நின்றால் விலை இறங்கும், எனக்கும் பேசும் உரிமை வரும். அதனால் ஆள் வருவது நிற்க வேண்டும்.

முதல் நாள் நான் போனதே ஒரு கணக்கு வாத்தியாருக்காகத்தான். அவருக்கு உண்மையை மட்டுமே எழுதினேன். ஆனால் பயமுறுத்தும் வரிசையில் எழுதினேன். துரு என்ற சொல் முதல் வரியில் வந்தது. எங்கே, எவ்வளவு என்பது பின்பக்கத்தில் வந்தது. வாத்தியார் பின்பக்கத்தைத் திருப்பவில்லை. அடுத்து வந்த புது மாப்பிள்ளைக்கு எழுதவே தேவைப்படவில்லை. பானெட்டைத் திறந்து இரண்டு தடவை உச்சுக்கொட்டினேன், ஆள் காணாமல் போய்விட்டார். உச்சுக்கொட்டுவது பொய்யில் சேராது. விலை கிடுகிடுவென்று இறங்கியது. நான் வீட்டில் பாட்டுப் பாட ஆரம்பித்தேன்.

மூன்றாவதாக வந்த மருந்துக்கடைக்காரர்தான் சிக்கல். உச்சுக்கொட்டினால் "பல்லுல ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று கேட்கிற ரகம். மருந்துச்சீட்டைப் படித்துப் படித்தே வளர்ந்தவர். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும், இரண்டு பக்கமும் படிப்பார். அவருக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. பணத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அவர் வேண்டாமென்று போக, பெரிய கோளாறாக ஒன்று எழுதியாக வேண்டும். வண்டியில் பெரிய கோளாறே இல்லை. பொய் எழுத என் கை வராது. அவர் போன் பேசத் தள்ளிப் போனார், அவள் குழந்தைகளை நீரிலிருந்து கரையேற்ற உள்ளே போனாள். நான் எப்போதும்போல வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். பிரேக் எண்ணெய்க் குழாயின் மரையைக் கொஞ்சம் தளர்த்தினேன். பத்து வினாடிகூட ஆகியிருக்காது. பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்ததை எழுதினேன்: பிரேக் குழாய் மரை தளர்ந்துள்ளது, எண்ணெய் கசிகிறது, இந்நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. கடைசி நான்கு சொற்களுக்கு அடிக்கோடும் போட்டேன். அவ்வளவு கவனமாக நான் எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

மருந்துக்கடைக்காரர் இரண்டு பக்கமும் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வேற வண்டி பாத்துக்கறேம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். கைக்கு வந்த மிட்டாய் பறிபோன பிள்ளையைப் போல அவள் உதட்டைச் சுழித்தாள்.

"என்ன அண்ணே எழுதுனீங்க? எல்லாரும் இப்படி ஓடுறாங்க."

"அது பணம் கட்டினவங்களுக்கு மட்டும்தாம்மா. விதி."

"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே? நான் ஓட்டலாம்ல?"

"அறிக்கையில இருக்கறதை நான் சொல்லக் கூடாதும்மா."

"சரி, விதின்னா விதி," என்று சிரித்து, விசிலை எடுத்து எனக்காகச் சின்னதாக ஒரு ஊது ஊதினாள்.

சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது உங்கள் முகத்தில் தெரிகிறது. இருபத்திரண்டு வருடம் கட்டிக்காத்த விதி மேடம். தவிர, பிரேக் ரப்பரைச் சொன்னேன் இல்லையா? பிரேக்கை அதிகம் மிதிக்காதவளுக்கு அது எவ்வளவு தூரம் தேவைப்பட்டுவிடும்?

நான்காவது நாள் மத்தியானம் தேவைப்பட்டது. எங்கள் தெருவுக்குள் வரும் பாலத்து இறக்கத்தில், கீழே ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அவள் அவரை விட்டுவிட்டு விளக்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்தாள். சத்தம் கேட்டு நான்தான் முதலில் ஓடினேன். ஓட்டுநர் பக்கக் கதவு போயிருந்தது, ஒரு கண்ணாடி, ஒரு விளக்கு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் கோடு பிடித்ததுபோல நேராக இருந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. நான் வண்டியைச் சுற்றிப் பார்த்து முடிப்பதற்குள், பின்னால் வந்தவர்கள் அவளை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். விசில் அவள் வாயருகே கிடந்தது.

ஒரு மாதம் மரியாதைக்குக் காத்திருந்துவிட்டு ரொட்டிக்கடைக்குப் போனேன். வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றார் அவள் கணவர். என்னிடம் இருந்ததை முழுசாக நீட்டினேன். அவர் எண்ணவில்லை. மாவு அப்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அவ உங்க கம்பெனியில விலாசம் கேட்டுக்கிட்டு உங்க வீட்டுக்குத்தான் கிளம்பினா. 'அந்த அண்ணன் ஓட்டுனப்போ வண்டி சிரிச்சுதுங்க, அவர் கையில எவ்வளவு இருக்கோ அதுக்கே குடுத்துடலாம், வேன் அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்லிட்டுப் போனா."

வழிநெடுக இதை யோசித்துக்கொண்டே வந்தேன். யோசிக்க யோசிக்க மனசு லேசாகிவிட்டது. நான் கொடுத்த விலை அவள் மனசில் வைத்திருந்த அதே விலை. யாருக்கும் நஷ்டமில்லை. கதவு பழைய சாமான் கடையில் கிடைத்தது. நிறம் சேருவதற்காக மூன்று தடவை கலந்து அடித்தேன். அப்புறம் வந்த ஐந்து வாரத்தைப் பற்றிக் கேளுங்கள் மேடம். என் மனைவி ஜன்னலை இறக்கிவிட்டு, முடி பறக்க, "இன்னொரு சுத்து போலாங்க, இன்னொரு சுத்து," என்று கூச்சலிடுவாள். காய்கறி வாங்கப் போனால் பக்கத்து ஊர் வழியாகத் திரும்பிவருவோம்.

மருந்துக்கடைக்காரர் அந்தத் தாளை உங்களிடம் கொண்டுவந்தது சரிதான். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மரை முதல் நாள் எப்படி இறுக்கமாக இருந்தது என்று வாத்தியாருக்கு நான் எழுதிய அறிக்கையே சொல்லும். அது தானாகக் கழலாது. ஆமாம், நான்தான் தளர்த்தினேன். கசிவது தெரிந்தேதான் அவளை ஓட்டவிட்டேன். நான் செய்ததால்தான் அவள் செத்தாள். உங்கள் ஆட்கள் வண்டியை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்ஜினை ஓடவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதிய என் வாக்குமூலத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. மூன்றாவது வரியில் மட்டும் வண்டியின் நிறம் மஞ்சள் என்று போட்டிருக்கிறீர்கள். அது எலுமிச்சை மஞ்சள். அதை மட்டும் திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உண்மையில்லாத தாளில் நான் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை.