கேட்டுக் கம்பியில் வாப்பாவின் கபன்

பஸ்ஸில் பிறர் பேச்சுக்கு நான் காது கொடுப்பதில்லை. அன்று கொடுத்தேன். கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்குப் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் பெயின்ட் டின் ஒன்று. மகளின் கல்யாணத்துக்கு முன் வீட்டுக் கேட்டுக்குப் பூச வேண்டுமாம்.

“வாப்பாட கபன் துணி கட்டியிருக்கிற கம்பிய மட்டும் விட்டுட்டுப் பூசப் பெயின்ட்காரனுக்குச் செல்லணும்” என்றார் அவர்.

“இன்னும் அத அவுக்கல்லயா ராத்தா? கொரோனாவில செத்தவங்கட மையத்த எரிக்கிற சட்டம் போய் எத்தின வருசம்.”

“மையத்துக்கு உடுத்த வாங்கின துணி. உடுத்த விடல்ல, வாப்பாவ எரிச்சிட்டாங்க. அந்தத் துணியக் கிழிச்சித்தான் கேட்டில கட்டினேன்.”

“ஊரே எதிர்ப்புக் காட்டி வெள்ளத் துணி கட்டினதாலதானே பொறகு மண்ணில அடக்க விட்டாங்க.”

“ஓ. வாப்பா போய் ரெண்டு மாசத்துல பக்கத்து வீட்டு மாமாவ அடக்கினாங்க. ரொம்பத் தூரத்துல. எண்டாலும் போய் நிக்கக் கபுறு ஒண்டு ஈக்குது.”

“அரசாங்கமும் மன்னிப்புக் கேட்டிச்சி. கல்யாண வீட்டுக்கு வாறவங்க என்ன நினைப்பாங்க? கழட்டிடுங்க.”

மூத்தவர் பெயின்ட் டின்னை மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிஞ்சா எல்லாரும் அவங்கட வாப்பாட கபுறுக்குப் போறாங்க. எங்கட தம்பி கேட்டடிக்கு வந்து, அந்தத் துணியப் பாத்து சலாம் செல்லிட்டுப் போறான்.”