பார்வைக்கு மட்டும் வார்த்த சக்கரங்கள்

அலுமினியச் சக்கரத்தை வினிகர் ஊற்றித் துடைக்கக் கூடாது, தம்பி. உங்கள் அப்பா ராய் அப்படித்தான் துடைக்கிறார் போலிருக்கிறது. போன மாதம் அவர் வண்டியைப் பார்த்தேன், பளபளப்பு மங்கிக் கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய பனியன் துணி ஒன்று. அவ்வளவு போதும். வீட்டுக்குப் போனதும் ராயிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மற்றபடி அந்தச் சக்கரங்களில் ஒரு குறையும் கிடையாது. நான் விற்ற எந்தச் சக்கரமும் இதுவரை யாரையும் கைவிட்டதில்லை.

நான் வந்தது டுவேன் கெஸ்லர் விஷயமாக. பீட் கிழங்கு வயல்களுக்கு நடுவே போகும் சாலையில், வாய்க்காலில் வண்டி கவிழ்ந்து ஏழு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போனானே, அவன். நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். உங்கள் ஷெரிஃப் அலுவலக அறிக்கையில் அதிவேகம் என்று எழுதியிருக்கிறது. அது தப்பு. அதைத் திருத்த வேண்டும். ஏன் தப்பு என்று ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ரூட் பியர் குளிர்பானக் கடை வாசலில் பழைய வண்டிகள் வந்து நிற்பதை நீங்கள் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். எங்களில் பாதிப்பேர் அந்த வண்டிகளைத் தொழிற்சாலையில் பூட்டியவர்கள், மீதிப்பேர் பூட்டியவர்களின் பிள்ளைகள். அறுபத்தெட்டாம் வருடத்து மாடலுக்கு அலுமினியச் சக்கரம் என்று ஒன்று கொடுத்தார்கள். கொஞ்சகாலம்தான் செய்தார்கள். அப்புறம் நம் ஊர்ப் பனிக்காலத்துச் சாலை உப்பு அவற்றை அரித்துத் தின்றுவிட்டது. நல்ல எஞ்சின், நல்ல பெயின்ட், கீழே பார்த்தால் சாதாரண இரும்புச் சக்கரம். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்பில் வந்து நின்ற மாதிரி இருக்கும். அதே வடிவத்தில் புதிதாக வார்த்து விற்றால் வாங்குவீர்களா என்று கேட்டால் எல்லாருமே வாங்குவேன் என்பார்கள்.

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. வாங்குவேன் என்பது வேறு, வாங்குவது வேறு. அதற்கு முன்னால் ஒருமுறை கதவு உள்பக்கத்து அலங்காரப் பட்டை செய்யலாமா என்று இதே ஆட்களைக் கேட்டேன். ஆகா ஓகோ என்றார்கள். செய்துகொண்டு வந்ததும் ஒவ்வொருவனுக்கும் ஒரு சாக்கு. ஒருவன் பையனுக்குப் பல்லுக்குக் கம்பி கட்டுகிறேன் என்றான், இன்னொருவன் வீட்டுக்கூரை ஒழுகுகிறது என்றான். பெட்டிகள் இன்னும் என் கொட்டகையில் கிடக்கின்றன. அந்த வருத்தத்திலேயே என் மனைவி ஆர்டித் தன் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. "என்ன வெர்ன், பெட்டியெல்லாம் குட்டி போட்டுச்சா?" என்று உங்கள் அப்பா வாராவாரம் கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சாப்பிடப் பிடிக்காது.

அதனால் இந்தத் தடவை வாய்ப்பேச்சை நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மாதிரிக்கு நான்கு வார்த்து, கண்ணுக்கு எதிரே காட்டி, முன்பணம் எத்தனை பேர் நீட்டுகிறார்கள் என்று பார்ப்பது. நீட்டினால் தொழில், நீட்டாவிட்டால் அதோடு விட்டுவிடுவது. நியாயமான யோசனைதான் இல்லையா?

டுவேனிடம் அசல் சக்கரம் ஒன்றே ஒன்று இருந்தது. கட்டிலுக்கடியில் போர்வை சுற்றி வைத்திருந்தான். அதை அச்சுக்காகக் கொடுத்தான். "ஒடச்சேன்னா ஒன் மண்டைய ஒடைப்பேன்" என்று மட்டும் சொன்னான். வார்ப்புப் பட்டறை லெஸ்டர் மணல் அச்சில் நான்கு வார்த்துத் தந்தார். அச்சு அசலாக இருந்தன. ஆனால் பார்வைக்கு மட்டும்தான். வார்த்தபின் சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் அலுமினியத்துக்குத் தாங்கும் பலம் வரும். நான்கே நான்குக்காக அவ்வளவு பெரிய சூளையை யார் பற்றவைப்பார்கள்?

"வெர்ன், இது பொம்மை. புரியுதா?" என்றார் லெஸ்டர். "மேசை மேல வை. வண்டியில மாட்டினாலும் ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டு போய் எறக்கு. ரோட்டுல உருட்டாத."

முதல் வெள்ளிக்கிழமை மேசை மேல்தான் வைத்தேன். எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். நல்லாருக்கு என்றார்கள். சில்லி ஹாட்டாக் தின்ற கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன்கூடச் சட்டைப்பையைத் தொடவில்லை.

ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வரலாம்தான். ஆனால் உங்களுக்கே தெரியும், நம் ஆட்களுக்கு ட்ரெய்லரில் வரும் வண்டி வண்டியே இல்லை. லட்சணமான வண்டி ஒன்றை ஒருவன் அப்படி இறக்கியபோது, "மகாராணி பல்லக்குல வந்தாச்சு, பன்னீர் தெளிங்கடா" என்று கத்தி அவனை அழவைக்காத குறைதான். அவன் அடுத்த வாரம் வரவில்லை. சொந்தக் காலில் வருவதுதான் இங்கே மரியாதை. என் சக்கரங்களும் சாலையில் உருண்டுதான் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்கதைதான் மறுபடியும்.

டுவேனை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். அவன் என் சிநேகிதன் என்பதால் இல்லை. அவன் மெதுவாக ஓட்டுவான் என்பதால். அவன் மகன் கைல் பத்தொன்பது வயதில் பந்தயம் ஓட்டிச் செத்தான். அடக்கத்தன்று டுவேன் சவப்பெட்டி மேல் கையை வைத்து, மனைவி மார்லிஸ் கேட்க, இனிமேல் எந்த வண்டியையும் மணிக்கு நாற்பத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தான். நெடுஞ்சாலைக்கே போகமாட்டான், கிழங்கு வயல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருவான். "டுவேன் கிளம்பிட்டானா? அப்போ நாம சாப்ட்டுத் தூங்கி எந்திரிச்சிரலாம்" என்பார்கள். கேட்டுக்கொண்டே இருப்பான். அவ்வளவு பெரிய எஞ்சினை அப்படி அடக்கி ஓட்ட வேறு யாராலும் முடியாது. வேகமாக ஓட்டுகிற ஆளாக இருந்தால் அந்தச் சக்கரங்களை நான் கொடுத்தே இருக்கமாட்டேன். அந்த அளவுக்கு எனக்குப் பொறுப்பு இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை மழை பெய்து வெளுத்திருந்தது. மத்தியானம் அவன் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சக்கரம் மாற்றினோம். அவனுடைய இரும்புச் சக்கரங்கள் நான்கையும் டயரோடு என் பிக்கப்பின் பின்னால் போட்டுக்கொண்டேன், திரும்பி வந்ததும் மாட்டுவதற்கு. மார்லிஸ் வாசலில் நின்று பார்த்தாள். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவன் இவ்வளவு பளபளப்பா இல்ல" என்றாள். கைல் போனபின் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டுவேன் சாவியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஓட்டலாம்ல?"

"தாராளமா" என்றேன்.

லெஸ்டர் சொன்னதைச் சொல்லியிருந்தால் அவன் ட்ரெய்லர் கொண்டுவரச் சொல்லியிருப்பான். அதனால் சொல்லவில்லை.

நான் பின்னாலேயே போனேன். கிழக்கே திரும்பும் வளைவில் அவன் பிரேக் பிடித்து, வழக்கம்போல இன்னும் மெதுவாக்கினான். முன்பக்கம் வலதுசக்கரம் அச்சாணியைச் சுற்றி விண்டுபோனது. டயரும் வளையமும் தனியாக உருண்டு வயலுக்குள் ஓடின. வண்டி மூக்கைச் சாலையில் உரசிக்கொண்டு போய் வாய்க்காலில் தலைகீழாக விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

இறங்கி ஓடினேன். அவனுக்கு நினைவு இருந்தது. தலைகீழாகப் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தான், நெற்றியில் மட்டும் ரத்தம்.

"வெர்ன், பெல்ட் மாட்டிக்கிச்சுடா. கத்தி வச்சிருக்கியா?"

"இருக்கு. இதோ வந்துட்டேன்" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். சக்கரங்கள் வானத்தைப் பார்த்து இருந்தன. மூன்று பளபளவென்று, நான்காவது இருந்த இடத்தில் உடைந்த நடுப்பகுதி மட்டும். ஆம்புலன்ஸ் வரும், போலீஸ் வரும், ஊரே வரும். உடைந்ததைப் பார்ப்பார்கள். அதற்குப்பின் இந்த மாநிலத்தில் எவனும் என் சக்கரத்தைத் தொடமாட்டான். எனக்கு மட்டுமா நஷ்டம்? டுவேனும் எவ்வளவு ஆசைப்பட்டான். நட்டு ஸ்பேனர் பிக்கப்பில் இருந்தது, இரும்புச் சக்கரங்களும் இருந்தன. வண்டி தலைகீழாகக் கிடந்ததால் ஜாக்கிகூடத் தேவைப்படவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்ற மூன்றும் காட்டிக்கொடுக்கும். அதனால் நான்கையும் மாற்றினேன்.

"மேல என்னடா பண்ற?"

"சக்கரத்தைப் பாக்கறேன்டா. ஒரு நிமிஷம்."

அவன் சிரித்தான். "இப்பவா? ஒன் வியாபாரத்துல இடி விழ."

வண்டி குறுக்கே அடைத்துக்கொண்டதால் மழைத் தண்ணீர் மேலேறிக்கொண்டிருந்தது. தண்ணி காதுக்கு வந்திருச்சு என்றான். தலையைத் தூக்கிப் பிடிச்சுக்கோடா என்றேன். வயலில் இறங்கி, ஓடிப்போன வளையத்தை எடுத்துவந்து பிக்கப்பில் போட்டேன். திரும்பி வந்தபோது அவன் குரல் மாறியிருந்தது.

"வெர்ன், மார்லிஸ்கிட்டச் சொல்லிரு. நான் வேகமா வரல. அவகிட்ட அதச் சொல்லிரு."

"சொல்றேன்டா" என்றேன். கடைசிச் சக்கரத்தில் இரண்டு நட்டுகள் பாக்கி இருந்தன.

முடித்துவிட்டுக் கத்தியோடு இறங்கினேன். பெல்ட்டை அறுத்தேன். முகத்தைத் தண்ணீரிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கூப்பிட்டேன். அன்று நான் அழுதது நடிப்பில்லை, தம்பி. பதினான்கு வயதிலிருந்து பழக்கம். அவனைப்போல ஒரு சிநேகிதன் எனக்கு அதற்குமுன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவ்வளவு மெதுவாகப் போன வண்டி ஏன் கவிழ்ந்தது என்று கேட்பார்கள் அல்லவா? ஒரு காரணம் வேண்டியிருந்தது. சிவப்பு வண்டி ஒன்று சீண்டியது, டுவேன் பந்தயத்துக்குப் போனான், நான் பின்னாலிருந்து பார்த்தேன் என்றேன். உங்கள் ஆட்கள் அந்தச் சிவப்பு வண்டியை ரொம்பநாள் தேடினார்கள். டுவேன் வண்டியின் சக்கரத்தை யாரும் குனிந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அலுமினியச் சக்கரம் மாட்டிக்கொண்டு கிளம்பினானே என்று கேட்டது மார்லிஸ் ஒருத்திதான். வழியில் மனசு மாறிக் கழற்றிவிட்டான், பந்தயத்துக்கு இரும்புதான் தோது என்று சொன்னான் என்றேன்.

டுவேனை அடக்கம் செய்யுமுன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"வெர்ன், எங்கிட்ட உண்மையச் சொல்லு. நெஜமாவே பந்தயம் ஓட்டினானா? கைல் மேல சத்தியம் பண்ணிட்டு ஓட்டினானா?"

"ஆமா மார்லிஸ்" என்றேன். "ஒரு தடவைதான்."

கைலுக்குப் பக்கத்தில் டுவேனுக்கு வாங்கி வைத்திருந்த இடத்தில் அவனைப் புதைக்க அவள் விடவில்லை. கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் தனியாகப் படுத்திருக்கிறான். புல் வெட்டுவது நான்தான்.

அடுத்த மாதம் உங்கள் அப்பாதான் ஆரம்பித்துவைத்தார். "டுவேன் இதுல எவ்வளவு ஆசையா இருந்தான். அவனுக்காக எனக்கு ஒரு செட் போடு, வெர்ன்" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சட்டைப்பையில் கைவிட்டார்கள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு பேர். ஒழுங்காகச் சூளையில் வைத்து, ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மார்லிஸைப் பார்த்தேன். மெலிந்துவிட்டாள், டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களாம். கைலின் கல்லில் தன் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறாள். டுவேன் பெயருக்கு இடமே விடவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது, நான் வாக்கு மாறுகிறவன் இல்லை. அதனால்தான் வந்தேன். வேகம் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், அவனை மகன் பக்கத்துக்கு மாற்ற அது போதும். மற்றதெல்லாம் நீங்கள் கேட்டதால் சொன்னேன்.

மார்லிஸிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் அவன் தனியாகக் கிடந்து செத்தானா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லுங்கள். நான் பக்கத்திலேயேதான் இருந்தேன், அவன் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்.