கறுப்புப் பெண் கண்டுபிடித்த ஊசி

ரங்கூனில் கியாக்டடா பேட்டைக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி ஆயா. மற்றவளின் தம்பிக்குக் குஷ்டம் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“குஷ்டத்துக்குப் போடற அந்த ஊசியக் கண்டுபிடிச்சது ஒரு கறுப்புப் பொண்ணாம், அக்கா” என்றாள் ஆயா.

நான் புத்தகத்தை மூடினேன்.

“கறுப்பா? நம்ம சனமா?”

“அமெரிக்காக்காரி. அடிமையா இருந்தவங்க வம்சம். காலேஜுல ரசாயனம் படிச்சு, அங்கேயே வாத்தியாராவும் இருந்தாளாம். எங்க டாக்டரம்மா சொன்னாங்க.”

“ஊசியெல்லாம் பயம்டி. அவன் இப்பக் குடிக்கிற மருந்து எண்ணெயே குடிக்கட்டும்.”

“குடிச்சதெல்லாம் வாந்தியாத்தானே வருது? இதுவும் அதே எண்ணெய்தான். நம்ம பர்மாக் காட்டு விதையில ஆட்டுனது. ஊசியில ஏத்துனா உடம்புல சேர்ற மாதிரி மாத்துனது அவதான்.”

“இப்ப எங்க இருக்கா?”

“சின்ன வயசுலயே செத்துட்டா. அப்புறம் ஒரு வெள்ளைக்காரத் துரை அவ கண்டுபிடிச்சதுக்குத் தன் பேர வச்சுக்கிட்டாராம்.”

“நாசமாப் போக! அவ பேரு என்னடி?”

“டாக்டரம்மா சொன்னாங்க, மறந்துட்டேன்.”

“போனதும் கேட்டு வை. நாளைக்குத் தம்பியக் கூட்டிட்டு வரேன். ஊசி போடறப்ப நான் யார் பேரச் சொல்லிக் கும்பிடறது?”