மெத்தை வண்டிகளைத் தானாகப் புறப்பட வைத்த பொத்தான் அக்காவுக்கு

மெத்தை விற்கும் நிறுவனத்தில் பணிபுரிந்தும் மெத்தனம் அறியாத மேன்மையே! கணினித் திரையில் கண்ணும் கடைக்காரர் கவலையில் கருத்துமாய்க் காலம் கழித்த கடமைச் செல்வியே! பில்லிங் பிரிவின் தலைவியே, பிரியத்தோடு நாங்கள் அழைக்கும் பொத்தான் அக்காவே! வணக்கம்.

நாளெல்லாம் கடைகள், விடுதிகளின் ஆர்டர்கள் வந்து குவியும். பொழுது சாயும் வேளையில் நிறுவனத்தின் மென்பொருளைத் திறந்து, கையிருப்புச் சரிபார்ப்பு, பில், வண்டிக்கான ஏற்றுச்சீட்டு என மூன்று வேலைகளையும் ஒன்று முடிந்தபின் ஒன்றாகப் பொத்தான் அழுத்தித் தொடங்கிவைக்க வேண்டும். வரிசை மாறினால் இல்லாத மெத்தைக்குப் பில் விழும். அந்தப் பாரத்தை எத்தனையோ ஆண்டுகள் ஒற்றை விரலில் தாங்கினீர்கள். காய்ச்சலிலும் வந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்து காத்திருந்து, எங்கள் காவலாளிக்கு உற்ற நண்பராகவே ஆகிவிட்டார்.

நீங்கள் ஓய்வுபெறும் நாள் நெருங்கியதும் மேலாளர் கையைப் பிசைந்தார். மேடையிலிருக்கும் அவர் எங்களை மன்னிக்கட்டும்.

"நீங்க போயிட்டா யாரும்மா அழுத்துறது? இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டுப் போங்களேன்" என்றார்.

"யாரும் அழுத்த வேணாம் சார். அதுவே ஓடும்" என்றீர்கள்.

"ஒரு மாசம் பிசகில்லாம ஓடட்டும். அப்புறம் அனுப்புறேன்" என்று முடிவாயிற்று.

மென்பொருளுக்கு வெளியே நீங்களே ஒரு சிறு நிரல் எழுதினீர்கள். ஆர்டர்கள் வந்து முடிந்ததும் அது போய் மென்பொருளின் கதவைத் தட்டும். முதல் வேலையைத் தொடங்கச் சொல்லும். முடிந்ததா என்று கேட்டுக் கேட்டு, முடிந்த பிறகே அடுத்ததை ஏவும். அழகாகத்தான் ஓடியது. கெடு முடியும் தறுவாயில் ஒரு மாலை, நிரல் தன் வேலையைத் தொடங்கிய அதே வேளையில், பழக்கதோஷத்தால் நீங்களும் பொத்தானை அழுத்திவிட்டீர்கள். ஒரே ஆர்டருக்கு இரண்டு பில், இரண்டு ஏற்றுச்சீட்டு விழுந்தன. மாணவியர் விடுதி ஒன்றுக்குப் போகவேண்டிய மெத்தைகள் இரண்டு வண்டிகளில் இரண்டு மடங்காகப் போய் இறங்கின.

"ஏம்மா, பிள்ளைங்க ஆளுக்கு ரெண்டு மெத்தை போட்டா தூங்கணும்?" என்று விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் கேட்டது கிடங்குவரை கேட்டது.

பழியை நிரலின் தலையில் கட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? நீங்களோ நேரே மேலாளர் அறைக்குப் போய், "மிஷின் சரியாத்தான் பண்ணுச்சு சார். எனக்குத்தான் கை நிக்கல" என்றீர்கள். அவர் கெடுவை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார். அன்று உங்கள் முகம் வாடியது கண்டு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே நிரலைத் திருத்தினீர்கள். தட்டுவதற்கு முன், இன்றைய வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதா என்று அது விசாரிக்கும். அது தொடங்கிவைத்த வேலையை வேறொருவர் மீண்டும் தொடங்கப் பார்த்தாலும் மென்பொருள் மறுத்துவிடும். உங்கள் விரலுக்கு எதிராக நீங்களே காவல் போட்டீர்கள்! நேர்மைக்கு இதைவிட நல்ல சான்று நாங்கள் கண்டதில்லை. கெடுவும் பிசகில்லாமல் முடிந்தது.

அக்கா, இத்தனை ஆண்டுகளில் எங்கள் யாருடைய பிரிவுபசார விழாவிலும் நீங்கள் உட்கார்ந்ததில்லை. விழா நேரமும் பொத்தான் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. இன்றும் அதே நேரத்தில்தான் விழா வைத்திருக்கிறோம், வேண்டுமென்றே. உங்கள் நாற்காலியில் இப்போது யாரும் இல்லை. எழுந்து போய்ப் பார்க்கத் துடிக்கிறீர்கள் என்பது தெரியும். உட்காருங்கள்.

நோயற்ற உடலும் நிறைந்த மனமும் நீண்ட ஆயுளும் பெற்று, மாலைப் பொழுதுகள் அத்தனையையும் உங்களுடையதாக்கிக்கொண்டு வாழ்க! இதை வாசித்து முடிக்கையில் வாசலில் முதல் வண்டியின் ஹாரன் கேட்கும். கேட்காமல் போகுமோ என்ற சந்தேகம் எங்களில் ஒருவருக்காவது இருந்திருந்தால், நேற்றே இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்க மாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
பில்லிங் பிரிவு, கிடங்கு, வண்டி ஓட்டுநர்கள் மற்றும் வாசல் காவலாளி