மெஹர் பானுவுக்கு ஒரு வெப்சைட்

வெப் ஹோஸ்டிங் விஷயத்தில் மலிவைத் தேடக் கூடாது சார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்வேன். அமீருதீன் பாயிடமும் சொன்னேன்.

நீங்கள் இன்ஸ்பெக்டர், இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெப்சைட்டின் பக்கங்கள், அதற்கு வரும் மெயில்கள் எல்லாம் எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில் இருக்கும். அந்த இடத்தை வாடகைக்கு எடுப்பதுதான் ஹோஸ்டிங். மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் சாலையில் ஒரு மாடி அறையில் தனி ஆளாக இந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்தேன். வேலை முடிந்தால் யாரும் மறுபடி படியேற மாட்டார்கள்.

2006-இல், ரம்ஜான் நோன்பு முடிந்த கையோடு பாய் வந்தார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் அவர் மனைவி மெஹர் பானு காணாமல் போயிருந்தார். மறதி நோய். தன் பெயரே சொல்லத் தெரியாது. போலீஸ், போஸ்டர் எல்லாம் பார்த்தாயிற்று. போட்டோ போட்டு, பார்த்தவர்கள் தகவல் அனுப்ப ஒரு வெப்சைட் வேண்டும் என்றார்.

“எதுல போடலாம் தம்பி?”

“மனை வாங்குற மாதிரிதான் பாய். மழைக்குத் தண்ணி நிக்காத எடமா பாக்கணும்.”

“முடிச்சூர்ல வாங்கிட்டு நான் படற பேஜார் போதும். நீங்களே பாருங்க” என்று சிரித்தார். மனைவியைத் தொலைத்த மனிதர் என் கடையில் உட்கார்ந்து சிரித்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

நன்றாக அலசித்தான் முடிவெடுத்தேன். இலவசமாகத் தருகிறவன் விளம்பரம் ஓட்டுவான். அந்த அம்மாள் முகத்துக்குப் பக்கத்தில் அது வேண்டாம். வேளச்சேரியில் ஒருத்தனுடைய சர்வர் கரண்ட் போனால் படுத்துவிடும். இன்னொரு கம்பெனி, வந்ததையெல்லாம் தினமும் நகலெடுத்து வேறு ஊரில் பத்திரமாக வைக்கும். அதையே எடுத்தேன். பதிவு என் பெயரில், பாஸ்வேர்டு என்னிடம். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வாடிக்கையாளர்களும் கேட்பதில்லை.

பாய்க்கு மெயில் பார்க்கத் தெரியாது. அவர் மகன் சுஃபியானுக்கு அவர்களுடைய கடையைப் பார்க்கவே நேரம் சரி. அதனால் பாய் சாயங்காலமானால் கையில் சமோசாப் பொட்டலத்தோடு படியேறி வருவார். “ஏதாவது வந்துதா தம்பி?” என்பார். பிறகு டீ, பேச்சு. இரண்டு வயதில் காய்ச்சலில் போன மகள் ஆஃபியாவைப் பற்றி என்னிடம்தான் சொன்னார். மறதி வந்தபின் அந்த அம்மாள், “ஆஃபியா பால் குடிச்சாளா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். வெளியே யாருக்கும் தெரியாது.

முதலில் வந்த மெயிலை நம்பி அப்பாவும் மகனும் விழுப்புரம் போனார்கள். அது வேறு யாரோ. திரும்பி வந்து என் நாற்காலியில் பாய் அழுத அழுகை இருக்கிறதே. அதற்குப் பிறகு மெயில்களை நானே சலித்தேன். வீண் தகவல்களை அழித்தேன். அவர் நன்மைக்குத்தான்.

அப்புறம் சாராள் என்று ஒருவர் எழுதினார். மறைமலை நகர் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர். ‘ஒரு அம்மா இருக்காங்க. பேர் சொல்லத் தெரியல. தட்டைத் தள்ளி வெச்சுட்டு, ஆஃபியா பால் குடிச்சாளான்னு மட்டும் கேக்கறாங்க.’

படித்துக்கொண்டிருந்தபோதே படியில் செருப்புச் சத்தம்.

“ஏதாவது வந்துதா தம்பி?”

“இல்ல பாய்.”

“அப்ப டீ சொல்லுங்க.”

சொன்னேன். அவர் போனபின் அழித்தேன். சாராள் மறுபடி எழுதினார், போட்டோவோடு. அதே மூக்குத்தி, அதே முகம். கடைசியாக, அந்த அம்மாளுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வாங்க என்று எழுதியிருந்தார். எல்லாவற்றையும் தெரிந்தேதான் அழித்தேன். மனைவி கிடைத்துவிட்டால் பாய் எதற்கு மாடியேறப் போகிறார்? நீங்களே சொல்லுங்கள்.

மெஹர் பானு இறந்தபின், தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் சுவரிலிருந்த போஸ்டரைக் கிழித்துக்கொண்டு, அதிலிருந்த விலாசத்தைப் பார்த்து சாராள் நேரே பாயின் கடைக்கே போய்விட்டார். “அத்தனை மெயில் போட்டேனே சார், ஏன் யாரும் வரல?” என்று கேட்டாராம். நீங்கள் கம்பெனியைக் கேட்டீர்கள். நான் அழித்ததெல்லாம் அவர்களிடம் அப்படியே இருந்தது. வேளச்சேரிக்காரனிடம் போட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பாய்க்குப் போய் அப்படி மட்டமான இடத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. அதை அவரிடம் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

அடுத்த வாரம் ஹோஸ்டிங்கைப் புதுப்பிக்க வேண்டும். அவரைக் கேட்காமல் நான் செய்ய மாட்டேன். என் கடை பூட்டியிருப்பதைப் பார்த்தால், சாயங்காலம் நேரே இங்கேதான் வருவார். வாசலில் இருக்கிற கான்ஸ்டபிளிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் சார், உள்ளே விடட்டும்.