கவிழ்த்துப் போட்ட சீட்டு

— சிரப் ஒட்டின கையோட சீட்டைத் தொடாதே டெல்மர். கழுவிட்டு வா.

— கழுவியாச்சு ஓபல். நக்கினாலும் கழுவின மாதிரிதான்.

— சீ, அசிங்கம் பிடிச்ச கிழவா! இவனைத்தான் லாஸ் வேகஸே பெரிய போக்கர் ஆட்டக்காரன்னு கொண்டாடுது.

— பேச்சை மாத்தாதே. நான் ஜெயிச்சா வியாழக்கிழமை பெரிய போட்டிக்குப் போறேன். நீ ஜெயிச்சா...

— என் இடுப்பு ஆபரேஷனுக்கு வந்து ஆஸ்பத்திரியில உக்காரணும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.

— ரெண்டும் ஒரே நாள்லயா வந்து தொலையணும்? போன்னு சொல்லு, இல்ல இருன்னு சொல்லு. எதுக்கு இந்தச் சீட்டு?

— சொல்ல மாட்டேன். சொன்னா சாகற வரைக்கும் குத்திக் காட்டுவே. அதுவும் இது உன் கடைசிப் போட்டி. அடுத்த வருசம் உன் முதுகு உக்கார விடாது.

— உனக்குப் பயமா இருக்கா?

— எனக்கா? இடுப்பு எலும்புக்கா? போய்யா.

— சரி, சரி...

— பத்திரிகையில எழுதினானே, "பாறை"ன்னு. எதிராளி மூஞ்சியையே பாத்துட்டு உக்காந்திருப்பியாம். சீட்டு கையில கிடைச்சா கவுத்துப் போட்டுட்டே இருப்பியாம்...

— நல்ல சீட்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்கத் தெரியணும். ஆனா மூஞ்சின்னு எழுதினது தப்பு. மூஞ்சி பொய் சொல்லக் கத்துக்கும். விரல் கத்துக்காது.

— ஐயோ, பிரசங்கம்! இந்தா, கலைச்சாச்சு. வெட்டறியா?

— நீ கலைச்ச சீட்டையா வெட்டணும்? முப்பது வருசம் கேசினோவுல சீட்டு போட்டவ நீ. ஒரு கள்ளச் சீட்டு விழுந்ததுண்டா?

— ம்... உனக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. உனக்கு... எனக்கு. எடு.

— எடுத்தாச்சு. இரு, பாக்கறேன்.

— பல்குச்சியைக் கடிச்சது போதும். சொல்லு.

— கவுத்துட்டேன்.

— என்னது?

— ஆடல. நீ ஜெயிச்சுட்டே. ஆஸ்பத்திரியில காபி நல்லா இருக்குமா?

— இரு, இரு... அப்படி என்ன சீட்டு வந்துச்சு?

— ஏழும் ரெண்டும். அதைவிடக் கேவலமான ஜோடி உண்டா?

— கண்ணாடி போட்டுப் பாத்தியா?

— ஏழு தெரியாத அளவுக்கு இன்னும் குருடாகல.

— இன்னொரு தடவை பாரேன், டெல்மர்...

— ஏய், கைய எடு! கவுத்த சீட்டு செத்த சீட்டு. யாரும் திருப்பக் கூடாது. உனக்குத் தெரியாத சட்டமா?

— சட்டம் கிடக்கு! அங்க உன் பேரைக் கூப்பிடுவாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுவாங்க.

— தட்டட்டும். சீட்டு இருன்னு சொல்லிடுச்சு.

— சீட்டு அப்படிச் சொல்லலடா மடையா! நான்... உனக்குப் போட்டது ரெண்டும் ஏஸ், இருக்கறதுலயே பெரிய சீட்டு. அடியிலேர்ந்து உருவிப் போட்டேன். போயிட்டு வாடான்னுதான்.

— தெரியும்.

— தெரியுமா! எப்போ, சீட்டைத் தூக்கிப் பாத்தப்பவா?

— அதுக்கு முன்னாடியே. உன் சுண்டு விரல் நடுங்குச்சு ஓபல். இத்தனை வருசத்துல அது நடுங்கி நான் பாத்தது ரெண்டே தடவை. இப்போ ஒண்ணு... போன வாரம் ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட்டியே, அப்போ ஒண்ணு.